எம்மெட் ஸ்டக்கி சாகவில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்

பிளம் க்ராசிங், அயோவா
ஜூன் 6, 1983

'பிளம் க்ராசிங் வாரச் செய்தி' ஆசிரியர், பெருமதிப்பிற்குரிய திருமதி ட்ரூடி லிண்ட்க்விஸ்ட் அவர்களின் சமூகத்துக்கு, தீவனக் கடை லாய்ட் ஹேவர்கேம்ப் தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் கணவரும், போன மாதம் மக்கர் பண்ணிய அச்சு இயந்திரமும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் நலமில்லை. உடம்பில் ஒரு குறையும் கிடையாது. சனிக்கிழமையிலிருந்து வீட்டை விட்டு வெளியே தலைகாட்ட முடியவில்லை, அவ்வளவுதான். நேற்றுத் தேவாலயத்துக்குக்கூட என் மனைவி இர்மா தனியாகத்தான் போய்வந்தாள். வந்ததும் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "போதகர் உங்களைத்தான் விசாரிச்சாரு. மறுபடி எப்பவாவது பிரசங்கத்துக்கு விஷயம் கிடைக்கலைன்னா நீங்க ஒரு ஆட்டம் நடத்திக் குடுத்தா போதுமாம்" என்றாள். ஊர் முழுக்க என்ன பேசுகிறார்கள் என்று கேட்டேன். "யாரும் ஒண்ணும் பேசல. சிரிச்சாங்க" என்றாள். நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன்.

அம்மா, தங்கள் பத்திரிகையில் ஏப்ரல் மாதத்திலிருந்து வாராவாரம் 'கேனர்ஸ் அணியின் வீர வரலாறு' என்று ஒரு தொடர் வருகிறதே, அதை எழுதுகிற அணிச் செயலாளரும் ஒலிபெருக்கி அறிவிப்பாளருமாகிய நான், அதில் உள்ள தவறுகளை இந்தக் கடிதத்தின் மூலம் திருத்திக்கொள்ள விரும்புகிறேன். தவறுகள் என்று மரியாதையாகச் சொல்கிறேன். சோளத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஆரம்பித்த பேஸ்பால் அணி என்பதால் கேனர்ஸ், அதாவது டப்பாக்காரர்கள், என்று பெயர் வைத்தார்கள் என்று முதல் வாரம் எழுதினேன். உண்மைதான். எதிரணி ஊர்க்காரர்கள் அந்தப் பெயரில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு "டப்பா! டப்பா!" என்று கத்தினார்கள் என்பதை எழுதவில்லை. தொழிலாளர்களின் உடல்நலத்துக்காக முதலாளி வென்ட் அணியைத் தொடங்கினார் என்று எழுதினேன். ஞாயிறு முழுக்கக் குடித்துவிட்டுத் திங்கட்கிழமை சோளமே போடாமல் வெறும் டப்பாவை மூடி அனுப்பினார்கள் என்பதற்காகத்தான் தொடங்கினார். 1922-இல் ஒரு தோல்விகூட இல்லை என்று எழுதினேன். அந்த வருடம் ஆறு பெருகி மைதானம் முழுகிப்போய் ஒரே ஒரு ஆட்டம்தான் நடந்தது, அதுவும் பாதியில் நின்றது. மாவட்டத்திலேயே முதன்முதலாக இரவு ஆட்டத்துக்கு விளக்குப் போட்டது நாம்தான் என்று எழுதி, மைதானத்தை மண்வாரியால் சீரமைக்கும் பழைய படம் ஒன்றையும் கொடுத்தேன். அதில் ஆட்கள் வாரிக்கொண்டிருப்பது மண் அல்ல, ஈசல். விளக்கைப் போட்ட மாத்திரத்தில் ஆற்றிலிருந்து வந்து இறங்கிய ஈசலில் பந்து எங்கே, ஆள் எங்கே என்று தெரியாமல் ஒருவரையொருவர் தடவிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். நம் வீரர் ஒருவர் சிகாகோவின் பெரிய லீக்குக்கே போனார் என்று பெருமையாக எழுதியிருந்தேனே, போனது நிஜம். டிக்கெட் வாங்கிக்கொண்டு போனார்.

இதெல்லாம் சில்லறைப் பொய்கள். இவற்றுக்காக நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுக்கவில்லை. நான் படுத்துக் கிடப்பது எம்மெட் ஸ்டக்கி விஷயத்துக்காக.

1956-ஆம் வருட இறுதி ஆட்டத்தின்போது தாங்கள் சின்னப் பெண்ணாக இருந்திருப்பீர்கள். ஹார்ட்வெல் ஊருக்கும் நமக்கும் கோப்பைக்கான ஆட்டம். கடைசிக் கட்டம், நாம் ஒரு ஓட்டம் முன்னே. இன்னும் ஒரு ஆளை வெளியேற்றினால் கோப்பை நமக்கு. ஹார்ட்வெல்காரன் மட்டையைச் சுழற்றினான், பந்து எங்கேயும் போகாமல் நெட்டுக்குத்தலாக வானத்துக்குப் போனது. மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கிற நம் கேட்சர் எம்மெட் ஸ்டக்கி முகமூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, "எனக்கு! எனக்கு!" என்று கத்தினார். ஊரே எழுந்து நின்றது. வாத்தியக்காரர்கள் வெற்றிப் பாட்டை வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். பந்து இறங்கி வந்து, அவருடைய கையுறையில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே போய்விட்டது. அதற்குள் அவர்கள் இரண்டு பேர் ஓடி வந்து ஓட்டம் எடுத்தார்கள், கோப்பை ஹார்ட்வெல்லுக்குப் போனது. அந்தக் குளிர்காலத்தில் பணமில்லாமல் லீக்கே கலைந்துபோனது. மாநிலம் முழுக்க அணிகள் அப்படித்தான் கலைந்தன என்றாலும், நம் ஊரைப் பொறுத்தவரை எம்மெட் ஸ்டக்கி பந்தை விட்டதால்தான் லீக் கலைந்தது. முடிதிருத்தும் கடையில் அவரை உட்கார வைத்துவிட்டு மறந்துபோவார்கள். தெருவில் கண்டால் கையை வாயில் குவித்து ஊளையிடுவார்கள். உணவு விடுதியில் அவருக்குத் தட்டு வைக்கும்போதெல்லாம் "பார்த்து, பிடிங்க" என்பார்கள். பன்றிப் பண்ணை ஆர்னி ஃபெஃபர் அவருடைய கார்மீது சோளக் கதிரையே விட்டெறிந்தான். நான் எறியவில்லை. எறிந்தவர்களைப் பார்த்துச் சிரித்தேன். வசந்தம் வருவதற்குள் அந்த மனிதர் நெப்ராஸ்கா பக்கம் போய்விட்டார்.

பிறகு 1974-இல் அணி திரும்ப உயிர்பெற்றபோது, முதல் ஆட்டத்துக்குப் பழைய வீரர்களை அழைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எம்மெட் ஸ்டக்கியின் எண்ணை எப்படியோ தேடிப் பிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார். நடந்த பேச்சை அப்படியே தருகிறேன், தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

"எம்மெட் இருக்காருங்களா?"

"இல்லீங்களே, அவரு போயிட்டாரு."

"ஐயோ! எப்பம்மா?"

"விடியக்காலம், இருட்டோட."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"கஷ்டமா? எப்படா போவோம்னு தவிச்சுக்கிட்டுல்ல இருந்தாரு. சந்தோஷமாத்தான் போனாரு."

"நீங்க தனியா எப்படிம்மா..."

"எனக்கென்ன, வீடு நிம்மதியா இருக்கு."

 இப்படியும் ஒரு மனைவியா என்று நினைத்து, முகவரியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு வைத்துவிட்டேன். அவர் மீன் பிடிக்க ஏரிக்குப் போயிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே அணியின் சார்பில் மலர்வளையம் ஒன்று அனுப்பிவைத்தேன். அந்த வார ஆட்டத்தில் ஒலிபெருக்கியில் விஷயத்தைச் சொல்லி ஒரு நிமிடம் மௌனம் அனுசரிக்கச் சொன்னேன். அம்மா, அந்த ஒரு நிமிடத்தில் இந்த ஊர் மாறிப்போனது. சோளக் கதிர் எறிந்த ஆர்னி குலுங்கிக் குலுங்கி அழுதான். அந்த மனிதரை நாம்தான் துரத்தினோம், நாம்தான் கொன்றோம் என்று ஆளாளுக்கு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்கள். மறுவருடம் ஜூன் முதல் சனிக்கிழமையும் மௌனம். அதற்கு அடுத்த வருடம் பார்வையாளர் மேடைக்கு 'எம்மெட் ஸ்டக்கி நினைவு மேடை' என்று பெயர் எழுதினோம். ஒவ்வொரு வருடமும் மௌனத்துக்கு முன்னால் நாலு வார்த்தை சொல்ல வேண்டுமே, சொன்னதையே எத்தனை தடவை சொல்வது? முதல் வருடம், பந்து நழுவியது என்றேன். அடுத்த வருடம், வெயில் கண்ணில் பட்டு நழுவியது என்றேன். அதற்கப்புறம், ஒடிந்த விரலோடு அன்று ஆடினார் என்றேன், பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். கைக்குட்டையைப் பார்த்ததும் எனக்கு நிதானம் போய்விட்டது. நடுவர் ஹார்ட்வெல்காரனின் மச்சான் என்றேன். போன வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான பகுதியிலோ, அவர் பந்தைப் பிடித்தேவிட்டார், நடுவர்தான் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

இனி சனிக்கிழமை நடந்தது. மேடையில் நடந்த பேச்சைப் பிறகு ஆர்னி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நான் மேலே ஒலிபெருக்கிக் கூண்டில் இருந்தேன்.

ஆட்டம் தொடங்குமுன் வழக்கம்போல் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். ஆர்னிக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரர் மாதிரி ஒரு பெரியவர், கூட ஒரு அம்மாள். நுழைவாயில் பக்கம் மேடையின் பெயர்ப்பலகையை மறைத்து ஐஸ்கிரீம் வண்டி நின்றதால் அவர்கள் எதையும் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியின் ஒரு குழாய் அந்தப் பக்கம் எப்போதுமே கொரகொரக்கும், நான் சொன்ன பெயரும் சரியாகக் கேட்கவில்லை. எல்லோரும் நிற்கிறார்களே என்று பெரியவரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு மரியாதையாக நின்றார். மௌனம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஆர்னியிடம் மெல்லக் கேட்டாராம்.

"யாருங்க தவறிப்போனது?"

"எம்மெட் ஸ்டக்கின்னு எங்க ஊரு தங்கம்யா. நீ வெளியூரு, உனக்குத் தெரியாது."

பெரியவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டு, "எப்படிச் செத்தாரு?" என்றாராம்.

"மனசு ஒடைஞ்சு. இந்த ஊர்ப் பாவிங்க அந்த மனுஷனை என்ன பாடு படுத்தினானுங்க தெரியுமா? கார்மேல சோளக் கதிரெல்லாம் விட்டெறிஞ்சானுங்கய்யா."

"யாரு எறிஞ்சாங்க?"

"யாரோ ஒரு நாய்" என்று சொல்லிவிட்டு ஆர்னி இன்னொரு பீர் வாங்கப் போய்விட்டான்.

இதோடு நின்றிருந்தால் அவர்கள் பேசாமல் எழுந்து போயிருப்பார்கள், நானும் தங்களுக்கு அடுத்த வாரப் பகுதியை அனுப்பியிருப்பேன். நாலாவது கட்டத்தில் நம் பையன் ஒருவன் அடித்த பந்து பின்பக்கமாக எகிறி நேராக மேடையை நோக்கி வந்தது. பெரியவர் எழுந்தார். அம்மாள் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் கேட்கவில்லை. இரண்டு கையையும் நீட்டி, "எனக்கு! எனக்கு!" என்று கத்தினார். பந்து வந்து கைக்குள் விழுந்தது, வெளியே குதித்தது, ஆர்னியின் பீர்க் கோப்பையைத் தட்டி அவனை மார்பு முழுக்க நனைத்துவிட்டு வரிசைக்குக் கீழே உருண்டு போனது.

மேடை முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான், அம்மா, நான் ஒலிபெருக்கியில் சொன்னேன். "மூணாவது வரிசைப் பெரியவரே, கையில வெண்ணெய் தடவிக்கிட்டு வந்தீங்களா?"

ஆர்னி சட்டையைப் பிழிந்துகொண்டே, "எங்க ஸ்டக்கி மட்டும் உசுரோட இருந்திருந்தா இதைக் கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சிருப்பான்யா!" என்று கத்தினான்.

"பிடிச்சிருக்க மாட்டாருங்க" என்றார் பெரியவர்.

"அவனைப் பத்தி உனக்கென்னய்யா தெரியும்?"

அதற்குமேல் அந்த அம்மாளால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்று, மேலே கூண்டில் இருந்த எனக்கே கேட்கும்படி, "இவருதான்யா எம்மெட் ஸ்டக்கி! என் புருஷன்! செத்துட்டாருன்னு ஒப்பாரி வெக்கிறீங்களே, அந்த ஆளு இவருதான்!" என்றார்.

"அதெப்படிம்மா, இப்பதானே தொப்பியெல்லாம் கழட்டி..." என்று ஆரம்பித்தான் ஆர்னி. அந்த அம்மாள், பெயர் டோலோரஸ், கணவரின் பையிலிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அவன் கையில் திணித்தார். ஆர்னி பார்த்தான். பக்கத்து ஆளிடம் கொடுத்தான். அது வரிசை வரிசையாகக் கைமாறி மேலே கூண்டுக்கு வந்து சேர்ந்தது. படத்தைப் பார்த்தேன். மூக்கு அதே மூக்கு. "ஐயையோ" என்றேன். மைக்கை அணைக்காமல்தான் சொன்னேன். ஆற்றுக்கு அந்தப்புறம் வரைக்கும் கேட்டதாம்.

நான் படி இறங்கி வந்த மாதிரி தூக்குமேடைக்குப் போகிறவன்கூட நடந்திருக்க மாட்டான். ஆட்டக்காரர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டோலோரஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்தக் குரல் எனக்குத் தெரியும். 'ரொம்பக் கஷ்டப்பட்டாரா'ன்னு கேட்டது நீங்கதானே? மலர்வளையம் அனுப்பினதும் நீங்கதானா?"

ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்போது எம்மெட் பேசினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏரியில இருந்து மீனோட வந்தேன். வாசல்ல மலர்வளையம். 'பிளம் க்ராசிங் மக்கள்'னு ரிப்பன் போட்டிருந்துச்சு. சரி, இவங்களுக்கு இன்னும் ஆத்திரம் தீரல, நீ எங்களுக்குச் செத்தவன்னு சொல்லி அனுப்பியிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன். அதைக் கொட்டகையிலதான் வெச்சிருந்தேன். தூக்கிப் போட மனசு வரல."

"ஒன்பது வருஷம் இதையே நெனச்சு உருகிட்டாரு" என்றார் டோலோரஸ். "வாங்க, நேராப் போயி என்னன்னுதான் பாத்துடலாம்னு நான்தான் இழுத்துக்கிட்டு வந்தேன்."

 ஆர்னி பக்கத்தில் நின்று, ரொட்டிக்கு வெளியே காது மாதிரி நீட்டிக்கொண்டிருந்த தன் பொரித்த பன்றியிறைச்சியை அப்படியே அவரிடம் நீட்டினான். "அந்த நாய் நான்தான் எம்மெட்" என்றான். எம்மெட் ஒரு கடி கடித்துப் பார்த்தார். "தெரியும் ஆர்னி. கண்ணாடியில பார்த்தேன். நல்லாத்தான் குறி வெச்சே" என்றார்.

பிறகு என்னிடம், "அந்த மைக்கைக் கொஞ்ச நேரம் தர முடியுமா?" என்று கேட்டார். அவரைக் கூண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே கிடந்த தங்கள் பத்திரிகையில் என் கட்டுரையைப் படித்துப் பார்த்தார். முழுவதும் படித்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மைக்கில் அவர் பேசியது இவ்வளவுதான்.

"அன்னிக்கு வெயிலே இல்லீங்க. மேகமா இருந்துச்சு. வெரலு பத்தும் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவரு தங்கமான மனுஷன், அவருக்கு ஹார்ட்வெல்ல பொண்ணு குடுக்கக்கூட ஆளில்ல. பந்து மேல போச்சு. எனக்குன்னு கத்தினேன். அது எறங்கி வர்றதுக்குள்ள, ஊர்வலத்துல எந்தக் கார்ல நிப்போம், எந்தப் பக்கம் கையசைப்போம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். விட்டுட்டேன். நான்தான் விட்டேன். அதை உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன். மன்னிச்சுக்குங்க."

 நான் ஒன்பது வருடமாக அனுசரிக்கச் சொன்ன மௌனம் அன்றுதான் சரியாக வந்தது. யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அப்போது கீழேயிருந்து ஆர்னி, அழுகையை அடக்க முடியாமல், வேறொன்றும் தோன்றாமல், இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஊஊஊ!" என்று ஊளையிட்டான். அந்தக் காலத்தில் போட்ட அதே ஊளை. பக்கத்தில் இன்னொருவர் ஊளையிட்டார். பிறகு மேடை முழுக்க, பழைய ஆட்கள் எல்லோரும் எழுந்து நின்று, கண்ணில் தண்ணீர் வழிய வழிய ஊளையிட்டார்கள். பயந்துபோய் எம்மெட் முகத்தைப் பார்த்தேன். மனிதர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஆங், இது பிளம் க்ராசிங்தான்! டோலோரஸ், கேட்டியா? சரியான ஊருக்குத்தான் வந்திருக்கோம்!" என்று தொப்பியைக் கழற்றி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசினார்.

ஆட்டத்தில் நாம் தோற்றோம். யாரும் கவனிக்கவில்லை.

அம்மா, எல்லோருக்கும் அது நல்லபடியாகத்தான் முடிந்தது. எனக்கு முடியவில்லை. செத்துப்போனவர் என்று நினைத்த மனிதருக்கு வருடா வருடம் நான் அந்தப் பந்தைப் பிடித்துப் பிடித்துக் கொடுத்தேன். உயிரோடு வந்து உட்கார்ந்த மனிதரின் கையிலிருந்து ஒரு பந்து நழுவியதும், யார் என்ன என்று பார்க்காமல், கையில் வெண்ணெயா என்று ஊர் கேட்கக் கேலி பண்ணினேன். முன்பும் சிரித்தேன், இப்போதும் சிரித்தேன். நடுவில்தான் அழுதேன், அதுவும் மைக்கில்.

ஆகையால் இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் முதல் பக்கத்தில் அச்சிடும்படி வேண்டிக்கொள்கிறேன். எம்மெட் ஸ்டக்கி உயிரோடு இருக்கிறார், பந்து பிடிக்கப்படவில்லை, இதுவரை வெளியான வரலாறு முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று தெளிவாகப் போடுங்கள். செயலாளர் பதவியிலிருந்தும் ஒலிபெருக்கியிலிருந்தும் விலகிக்கொள்கிறேன். இந்த ஊருக்கு இனி உண்மையான வரலாறு மட்டுமே வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தங்கள் கணவருக்கு என் அன்பு. தங்கள் குடும்பமும் பத்திரிகையும் நீடூழி வாழட்டும், தங்கள் சந்தாதாரர்கள் பெருகட்டும், யாரும் என்னைப் போல் மைக்கை அணைக்க மறக்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெட்கத்தால் எழுத்து கோணலாகியிருக்கும்,
லாய்ட் ஹேவர்கேம்ப்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் டோலோரஸ் ஸ்டக்கி தொலைபேசியில் கூப்பிட்டார். ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்களாம். "பத்திரிகையில எதுவும் போட்டுடலையே?" என்றார் முதல் வார்த்தையாக. இல்லை, எல்லா உண்மையையும் இப்போதுதான் எழுதி முடித்தேன் என்றேன். "ஐயோ, வேணாங்க! இவரு கொண்டுவந்த உங்க பத்திரிகையைப் பாத்துட்டு எங்க பக்கத்து வீட்டுக்காரி இனிமே அதைத் தபால்ல வாங்கப்போறாளாம். இங்க இவரு குடிவந்த நாள்ல இருந்து அந்தப் பந்தைப் பிடிச்சதாத்தான் சொல்லிவெச்சிருக்காரு. சர்ச் விருந்துல வருஷா வருஷம் அதைக் கேக்கணும்னே ஆளுங்க வருவாங்க" என்றார். அப்படியானால் சனிக்கிழமை மைக்கில் பேசியது, என்று இழுத்தேன். "அது உங்க ஊருக்கு. உங்களுக்குத்தான் தெரியுமே. இங்க உள்ளவங்க என்ன பாவம் பண்ணினாங்க?" என்றார். அதோடு போன வாரம் வந்த என் கட்டுரை எம்மெட்டுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம், அவர் சொல்வதைவிட நன்றாக இருக்கிறதாம், ஊரில் கொடுக்க ஒரு கட்டு வேண்டுமாம்.

ஆகவே, அம்மா, மேலே உள்ளது எதையும் அச்சிட வேண்டாம். பதவி விலகலையும் விட்டுவிடுங்கள். போன வாரப் பகுதியையே மறுபடி போடுங்கள். ஒரே ஒரு திருத்தம். அவர் சொல்லிவைத்திருக்கிற கதையில், பந்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் சாய்ந்து வாத்தியக்காரர்களின் பெரிய மேளத்துக்குள் விழுந்தாராம். நம் வாத்தியக்காரர்களிடம் அவ்வளவு பெரிய மேளம் இருந்ததே இல்லை என்பது எனக்கும் தெரியும், தங்களுக்கும் தெரியும். மேளத்தைச் சேர்த்துவிடுங்கள்.